கருவிக்கு ஆறு லட்சம், கேள்விக்கு எவ்வளவு?

(ஹைதராபாத்தில் தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மும்பையில், பாந்த்ரா ரெக்லமேஷன் பகுதியில், காது கேளாதோருக்கான தேசிய நிறுவனம் 1983 ஆகஸ்ட் 9 முதல் இயங்கி வருகிறது. அதன் பெயர்ப்பலகையில் இருப்பவர் ஹைதராபாத்காரர். 1906இல் இந்த ஊரில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அமெரிக்காவில் இந்தியத் தூதராகவும் இருந்து, 1976இல் மகாராஷ்டிர ஆளுநராகப் பதவியில் இருக்கும்போதே மறைந்த நவாப் அலி யாவர் ஜங். அந்த நிறுவனத்தின் தென்மண்டல மையம் செகந்திராபாத்தில், மனோவிகாஸ் நகரில் இருக்கிறது. குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம் எழும் பெற்றோர் பலருக்கு மத்திய அரசின் கதவு அங்கேதான் திறக்கிறது.

அந்த மையத்திலிருந்து கிளம்பி ஊரை ஒரு சுற்று வந்தால் இன்னும் பலவற்றைப் பார்க்கலாம். பேகம்பேட்டையில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மரபியல் நிறுவனமும் அதனோடு சேர்ந்த மரபணு நோய் மருத்துவமனையும். கோட்டியில் அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. ஹப்சிகுடாவில் சிசிஎம்பி என்று எல்லோரும் சொல்லும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம். உப்பலில் டிஎன்ஏ ஆய்வுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம். கஞ்சன்பாக்கில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகங்கள். ஒரு பிள்ளைக்கு ஏன் காது கேட்கவில்லை, என்ன செய்தால் கேட்கும், கேட்கும்படி செய்த பிறகு பேச்சு வந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடத் தேவையான இடங்கள் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. எல்லாமே அரசுப் பணத்தில் நடப்பவை. ஒரே குழந்தையைப் பற்றி இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மருத்துவக் கேள்விக்கு விடை காண அரசு பணம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை செய்யும்போது நோயாளி ஏன் சில சமயம் இறந்துபோகிறார் என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலக மருத்துவர்களைப் பிரித்து வைத்திருந்தது. முதலில் நிற்பது மூச்சா, இதயமா? மூச்சுதான் என்று உறுதியாக நம்பியவர் இங்கிருந்த மருத்துவர் எட்வர்ட் லாரி. 1888இல் ஒரு ஆய்வுக்குழு அமைந்தது. அதன் முடிவை லண்டனில் ஏற்கவில்லை என்றதும், 1889இல் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் அரசு ஆயிரம் பவுண்டு கொடுத்து, லான்செட் இதழின் வழியாக லாடர் பிரண்டன் என்ற பெயர்பெற்ற மருத்துவரை லண்டனிலிருந்து வரவழைத்தது. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடந்தது. லாரி சொன்னதே சரி என்று தீர்ப்பும் வந்தது. அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. குளோரோஃபார்ம் இதயத்தையே தாறுமாறாகத் துடிக்க வைத்துக் கொல்லக்கூடும் என்று 1911இல் குட்மன் லெவி காட்டினார். என்றாலும் சோதனையின் ஒவ்வொரு படியும் அச்சில் இருந்ததால்தான் பிறர் அதைப் படித்து, மறுத்து, மேலே போக முடிந்தது. அரசு ஒரு கேள்விக்குச் செலவழித்ததால் கிடைத்த பலன் அது.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2007 ஏப்ரலில், அப்போது ஒன்றாக இருந்த ஆந்திரப் பிரதேசத்தில் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ திட்டம் தொடங்கியது. வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பெரிய அறுவை சிகிச்சைகள் இலவசம். அந்தப் பட்டியலில் காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் இம்பிளான்ட் கருவியும் இடம்பெற்றது. கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்குப் பல லட்ச ரூபாய்க் கருவியை ஒரு மாநில அரசு தன் செலவில் பொருத்தும் என்பது அன்று பலர் நம்பாத செய்தி. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், கேரளத்தில் 2012இல் வந்த ஸ்ருதிதரங்கமும் இதே வழியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தன. மத்திய அரசும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் அடிப் திட்டத்தைத் திருத்தி, 2014 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு, ஒரு கருவிக்கு ஆறு லட்ச ரூபாய் வரை கொடுத்தது. பின்னர் இந்த வரம்பும் உயர்ந்தது. இத்திட்டங்களைத் தொடங்கியவர்களுக்கும் நடத்தியவர்களுக்கும் இந்தச் சமூகம் கடன்பட்டிருக்கிறது.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட சிறு உறுப்பு ஒன்று உண்டு. அதன் அடிப்பகுதி கூர்மையான ஒலிகளையும், உச்சிப்பகுதி கனத்த ஒலிகளையும் வாங்கிக்கொள்கிறது. பிறவிச் செவிடு பலவற்றில் அங்குள்ள மயிரணுக்கள் வேலை செய்வதில்லை. ஆனால் நரம்பு உயிரோடு இருக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பெட்டி ஒலியை வாங்கிப் பகுத்து, தோலுக்கு அடியில் இருக்கும் பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சுருளுக்குள் நுழைத்த மெல்லிய மின்முனைகள் நரம்பை நேராகத் தூண்டுகின்றன. முதல் நாளே குழந்தைக்குப் பேச்சு புரிந்துவிடாது. மூளை அந்தப் புதுக் குறிப்புகளைப் படித்துப் பழக மாதங்கள், ஆண்டுகள் ஆகும். வாரா வாரம் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும், வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், வயர் அறுந்தால் மாற்ற வேண்டும், பேட்டரி வாங்க வேண்டும். அறுவை ஒரு நாளில் முடிகிறது. அதற்குப் பிந்தைய வேலை பெரும்பாலும் ஒரு தாயின் தலையில் விழுகிறது.

இந்தக் கருவியே அரசுகள் கேட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்ததுதான். 1970களில் அமெரிக்காவில் ஒற்றை மின்முனைக் கருவி பொருத்திக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். இதனால் பயனே இல்லை என்று அறிவியலாளர் பலர் சொன்னார்கள். அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் வாதத்தில் இறங்காமல், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பில்ஜரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. கருவி பொருத்திய 13 பேரை வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று அளந்து எழுதுங்கள் என்றது. 1977இல் வந்த அறிக்கை கருவியின் குறைகளை ஒளிக்கவில்லை. பேச்சை உதட்டசைவோடு சேர்த்துப் புரிந்துகொள்ள அது உதவுகிறது என்பதையும் நிறுவியது. ஆராய்ச்சியின் திசை அதோடு மாறியது. 1988இல் காது கேளாமைக்கும் பிற தொடர்புக் குறைபாடுகளுக்கும் என்று தனித் தேசிய நிறுவனத்தை அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கியது.

ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க்கின் தந்தை காது கேளாதவர், மருந்துக்கடை நடத்தியவர். வாடிக்கையாளர் சொல்வது கேட்காமல் அப்பா படும் சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த பையன், மெல்போர்னில் பேராசிரியர் ஆனான். ஆராய்ச்சிக்குப் பணம் போதாமல் தொலைக்காட்சி வழியாக மக்களிடம் நிதி திரட்டினார். 1978 ஆகஸ்ட் 1இல் பல மின்முனைக் கருவியை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அதன் பிறகே அரசு பெரிய மானியத்தோடு உள்ளே வந்தது, தொழில் நிறுவனம் சேர்ந்தது. இன்று இந்தியக் குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் கருவிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய, ஆஸ்திரிய நிறுவனங்களிடமிருந்தும் சுவிஸ் குழுமம் ஒன்றின் கைவசமுள்ள அமெரிக்க நிறுவனத்திடமிருந்தும் வருகின்றன. அந்த நாடுகளில் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்குப் போட்ட பணத்தின் பலனை, நம் அரசுகள் இப்போது விலை கொடுத்து வாங்குகின்றன.

நாமே செய்ய முயலவில்லையா? முயன்றோம். அந்த முயற்சியின் ஊற்றும் இந்த ஊர்தான், ஊக்கம் தந்தவர் நம் ராமேஸ்வரத்துக்காரர். 1982இல் கஞ்சன்பாக் பாதுகாப்பு ஆய்வகத்தின் இயக்குநராக வந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கு உருவாக்கிய பொருட்கள் மனித உடலுக்கு உதவுமா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நிஜாம் மருத்துவமனையில் போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கும் மேலான உலோகக் காலிப்பரை இழுத்து நடந்ததைப் பார்த்து, ஏவுகணைக் கலவைப் பொருளில் 300 கிராம் அளவில் அதைச் செய்து கொடுத்தது அவருடைய குழு. இதய மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து குறைந்த விலை ஸ்டென்ட் செய்ததும் இங்குதான். அந்த வரிசையில் காக்ளியர் கருவியும் இருந்தது. அதை வடிவமைக்கும் பொறுப்பை விசாகப்பட்டினத்தில் கடற்படைக்காக நீரடி ஆயுதங்களை உருவாக்கும் டிஆர்டிஓ ஆய்வகம் ஏற்றது. 

காலிப்பர் சில வாரங்களில் முடிந்தது. காக்ளியர் கருவி அப்படி முடிகிற காரியமல்ல. தோலுக்கடியில் ஒரு ஆயுள் காலம் இருக்க வேண்டிய மின்பொருள் அது. உடல் நீர் உள்ளே கசியாமல் மூட வேண்டும், மின்முனையைச் சுருளில் நுழைக்கையில் எஞ்சிய திசு கிழியக் கூடாது, சிறு குழந்தையிடம் சோதிக்கும் முன் ஆண்டுக்கணக்கில் சான்று சேர்க்க வேண்டும். அதற்கு ஆய்வகமும் மருத்துவமனையும் தொழிற்சாலையும் இருபது ஆண்டு ஒரே நுகத்தில் இழுக்க வேண்டும். மாதிரிக் கருவி உருவான பிறகும் இறக்குமதிக் கருவியின் இடத்தை அது பிடிக்கவில்லை. குறை விஞ்ஞானிகளிடம் இல்லை. ஆண்டுக்காண்டு கருவி வாங்கும் அதே அரசு, நம் கருவி தரம் தொட்டால் இத்தனை ஆயிரம் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தால், அந்த ஆய்வகத்தின் பின்னால் ஒரு தொழிற்சாலை எழுந்திருக்கும்.

அடுத்து, காது ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி. இதில் நம் ஊர்கள் உலகத்துக்கே சொல்ல வேண்டிய செய்தியை வைத்திருக்கின்றன.

1997இல் லண்டன் ஆய்வாளர்கள், கனெக்ஸின் 26 என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிழை பிறவிச் செவிட்டுக்குக் காரணமாகிறது என்று கண்டார்கள். மேலை நாடுகளில் ஒரு குறிப்பிட்ட பிழை மிகுதி. இந்தியாவிலும் அதே பிழைதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பரிசோதித்திருந்தால் பெரும்பாலான குழந்தைகள் விடுபட்டிருப்பார்கள். பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழு, அலி யாவர் ஜங் நிறுவன ஆய்வாளர்களும் சேர்ந்து, 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இந்தியர்களிடம் மிகுதியாக இருப்பது டபிள்யூ24எக்ஸ் என்ற பிழை. புரதத்தின் 24ஆம் இடத்திலேயே அது உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. பழங்காலத்து மூதாதை ஒருவரிடமிருந்து வழிவழியாக வந்தது என்பதற்கான தடயமும் கிடைத்தது. பேகம்பேட்டை மரபியல் நிறுவனத்தில் பி. வி. ராம்சந்தர், ஜி. பத்மா, டி. பத்மா முதலியோர் தென்னிந்தியக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும் அதே பிழையே முன்னே நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதியின் குழு தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நீண்டகாலம் இதே துறையில் உழைத்திருக்கிறது. ஸ்பெயினிலும் ஸ்லோவாக்கியாவிலும் வாழும் ரோமா மக்களிடமும் டபிள்யூ24எக்ஸ் இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு, காது கேளாத குழந்தைகளின் ரத்தமும் ஒரு சாட்சியாகிவிட்டது.

உறவுத் திருமணத்தைப் பற்றியும் இங்கே மனம் விட்டுப் பேச வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் உறவில் மணம் முடித்தவர்கள். தெலங்கானாவில் அது குறைவு என்றாலும், சுமார் 11 சதவீதமாக இருக்கும் நாட்டுச் சராசரியைவிட அதிகம். மாமன் மகளைக் கட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று தாயின் மீது பழி போடும் வீடுகளை எல்லோரும் அறிவோம். சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழியைச் சற்றே தளர்த்த வேண்டும். தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்கள் மிகச் சிறிய மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட இந்த நெருக்கம் அதிகம். அதாவது, உறவே இல்லாத இருவர் மணந்தாலும், சாதிக்குள் மணந்தால் ஒரே மரபணுப் பிழையை இருவரும் சுமந்திருக்க வாய்ப்பு உண்டு. இது நூற்றாண்டுகளின் வரலாறு. ஒரு தாயின் குற்றம் இதில் எங்கும் இல்லை.

இந்த அறிவு ஏட்டோடு நிற்கக் கூடாததற்கு இப்போது புதிய அவசரம் வந்திருக்கிறது. ஓட்டோஃபெர்லின் என்ற மரபணு பழுதான குழந்தைகளின் உள்காதில் நல்ல மரபணுவைச் செலுத்தி, கேட்கும் திறன் வரவைத்ததைச் சீனாவிலும் அமெரிக்காவிலும் 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். அந்தச் சிகிச்சை நாளை இந்தியாவுக்கு வரும். அன்று ஹைதராபாத்திலும் மதுரையிலும் எந்தக் குழந்தைக்கு அது பொருந்தும் என்று சொல்ல, இன்றே மரபணுவைப் பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். கருவி பொருத்த வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். பெற்றோருக்கு விளக்கி, அவர்கள் சம்மதித்தால், இன்னும் சில சொட்டு போதும்.

தடுக்கக்கூடிய செவிடும் உண்டு. சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், 1941இல் காத்திருப்பு அறையில் தாய்மார்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கினார். கர்ப்பமாக இருந்தபோது ருபெல்லா அம்மை வந்தது என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து தொடங்கிய விசாரணை, கண்புரையோடும் செவிட்டோடும் பிறந்த குழந்தைகளின் காரணத்தைக் காட்டியது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் தெலங்கானாவிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்திகளுக்கு நடுவே அந்த ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்த்த செவிலியர்கள், எத்தனை குழந்தைகளின் காதைக் காப்பாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதை அளப்பதும் ஆராய்ச்சிதான்.

பிறந்த குழந்தையின் காதைச் சோதிப்பதில் அரசுப் பணம் அழகாக வேலை செய்த ஒரு கதை இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோடிசைன் திட்டத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள், பெங்களூருவில் 'சோஹம்' என்ற கருவியை உருவாக்கினார்கள். 2017 ஜூலையில் அது வெளியானது. குழந்தையின் தலையில் மூன்று மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு பதில் தருகிறதா என்று பார்க்கும் கருவி. அரசு மருத்துவமனையின் இரைச்சலிலும், குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்காமலும், தேர்ச்சி பெற்ற ஆடியாலஜிஸ்ட் இல்லாத இடத்திலும் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தே வடிவமைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் குறையைக் கண்டுபிடித்த குழந்தைகளின் மொழி மற்றவர்களைவிட முன்னேறியது என்று கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ 1998இல் காட்டிய ஆய்வே உலகெங்கும் இதற்கு அடிப்படை. நம் வீடுகளில் "அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், இவனும் பேசுவான்" என்று பாட்டி சொல்லும் ஆறுதலில் இரண்டு வருடம் போய்விடுகிறது.

மொழி என்று வரும்போது எந்தக் கருவி நிறுவனமும் பணம் போடாத ஒரு மூலை இருக்கிறது. ஒருவருக்குப் பேச்சு எவ்வளவு கேட்கிறது என்று அறிய, அவரவர் மொழியின் ஒலிகள் சரியான விகிதத்தில் அமைந்த சொற்பட்டியல் வேண்டும். ழகரமும் றகரமும் ஒற்றெழுத்தும் உள்ள தமிழுக்கு ஆங்கிலப் பட்டியல் உதவாது. 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் பல இந்திய மொழிகளில் இத்தகைய பட்டியல்களை உருவாக்கினார்கள். வெளியே யாரும் பாராட்டாத உழைப்பு அது. ஹைதராபாத்தில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமும் அக்கம்பக்கத்தில் உருதுவும் கேட்டு வளரும் குழந்தைக்கு, கருவி பொருத்திய பின் எந்த மொழியில் பயிற்சி தருவது? இந்தக் கேள்விக்கு விடை காண இதைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை.

இன்னொரு குரலையும் கேட்க வேண்டும். காது கேளாதோர் பலர், தங்களைப் பழுதுபார்க்க வேண்டிய பொருளாக நினைப்பதில்லை. அவர்களுக்கு ஒரு மொழி உண்டு. 2015இல் டெல்லியில் அமைந்த இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு ஒரு அகராதியைத் தொடங்கி, 2021இல் 10,000 சொற்களுக்குக் கொண்டுவந்தது. காது கேளாதோரே அதில் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். கருவிக்குக் கொடுப்பதில் ஒரு துளி சைகை மொழிக்குப் போனாலும், கருவி பொருத்த வயது கடந்துவிட்ட பிள்ளைகளின் வகுப்பறை மாறும்.

கடைசியாக ஒரு கணக்கு. அடிப் திட்டத்தின் 2014 வரம்புப்படி 500 குழந்தைகளுக்கு ஆறு லட்சம் வீதம் ஆண்டுக்கு 30 கோடி ரூபாய். அதில் நூற்றுக்கு ஒன்று என்றால் 30 லட்சம், ஒரு குழந்தைக்கு ஆறாயிரம். அந்த ஆறாயிரத்தில் ஐந்து ஆண்டுகள் அந்தக் குழந்தையைத் தொடர்ந்து பார்க்கலாம். எந்த மாதத்தில் குறை தெரிந்தது, எந்த வயதில் அறுவை நடந்தது, மரபணுவில் என்ன இருந்தது, பயிற்சிக்கு எத்தனை நாள் வந்தார்கள், எப்போது, ஏன் நிறுத்தினார்கள், இப்போது கருவியை அணிகிறதா, எந்த மொழியில் எத்தனை சொல் பேசுகிறது. ஆரோக்யஸ்ரீக்கும் இதே விதி வைக்கலாம். செகந்திராபாத் மையம் தொடர்ந்து பார்க்கட்டும், கோட்டி மருத்துவமனை அறுவைக் குறிப்பைத் தரட்டும், பேகம்பேட்டையும் ஹப்சிகுடாவும் மரபணுவைப் படிக்கட்டும், பெயர்களை நீக்கிவிட்டு ஆண்டுதோறும் அறிக்கையை அச்சிடட்டும். பில்ஜர் 13 பேரை அளந்தார். நம்மிடம் அரசுச் செலவில் கருவி பெற்ற குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆரோக்யஸ்ரீயில் முதலில் பொருத்திக்கொண்டவர்கள் இப்போது கல்லூரி வயதை எட்டிய இளைஞர்கள். அவர்களைத் தேடிப் போய், என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை, எது உதவியது என்று விசாரிக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். அவையில் மருத்துவர்களும் அரசு அலுவலர்களும் பத்திரிகையாளர்களும் இருக்கிறீர்கள். அந்த முதல் அறிக்கையை அரசிடம் கேட்டுப் பெறும்படி உங்களை வேண்டிக்கொள்ளவே இந்தப் பேச்சு.